புகையிலைப் பீப்பாய் துறைக்குப் போன வழி

கேள்வி: "ரயிலும் லாரியும் வருவதற்கு முன்னால் அமெரிக்கப் புகையிலையைத் துறைமுகத்துக்கு எப்படிக் கொண்டுபோனார்கள்? பீப்பாயில் மாட்டையோ குதிரையையோ பூட்டி, ரோட்டில் உருட்டிக்கொண்டே போனார்கள் என்று படித்தேன். நடக்கிற காரியமா?"

நடந்த காரியம்தான். வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் நூறு வருடத்துக்கு மேல் நடந்தது. ஆனால் உருட்டுவது பல வழிகளில் ஒன்று, அவ்வளவுதான். ஒரு தோட்டக்காரர் பீப்பாயை உருட்டினாரா, வண்டியில் ஏற்றினாரா, ஓடத்தில் இறக்கினாரா என்பது அவர் நிலம் ஆற்றிலிருந்து எத்தனை மைல் தள்ளி இருந்தது என்பதைப் பொறுத்தது. எந்த வழியில் போனாலும் கவலை ஒன்றுதான்: தண்ணீர். இலையில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் கட்டவே முடியும். அது கொஞ்சம் கூடினால் வழியிலேயே புழுங்கி அழுகும். கடைசியில் சரக்கைச் சுமக்கப்போவதும் அதே தண்ணீர்தான்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். வர்ஜீனியாவில் ஆங்கிலேயர் அமைத்த ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தில் ஜான் ரால்ஃப் 1612 வாக்கில் வெளியிலிருந்து வந்த விதையைப் போட்டுப் புகையிலை பயிரிட்டார். அங்கே பூர்வகுடிகள் வைத்திருந்த வகை காரம் அதிகம். லண்டனில் ஸ்பானியச் சரக்கின் முன் அது நிற்கவில்லை. ரால்ஃபின் இலை நின்றது. அடுத்த சில பத்தாண்டுகளில் செசபீக் விரிகுடாவைச் சுற்றியிருந்த ஊரெல்லாம் புகையிலை ஊர் ஆயிற்று. அந்த விரிகுடாவில் ஜேம்ஸ், யார்க், ரப்பஹானக், பொட்டோமாக் என்று நான்கு பெரிய ஆறுகள் வந்து விழுகின்றன. நான்கிலும் கடல் ஓதம், அதாவது ஏறி இறங்கும் கடல்நீர், வெகுதூரம் உள்ளே ஏறும். ஜேம்ஸ் ஆற்றில் இன்றைய ரிச்மண்ட் வரை, ரப்பஹானக்கில் ஃபிரெட்ரிக்ஸ்பர்க் வரை ஓதநீர். அதற்கு மேலே பாறையும் பாய்ச்சலும்தான். ஆகவே லண்டனிலிருந்து வந்த கப்பல் ஆற்றுக்குள்ளேயே ஏறி, பெரிய பண்ணைக்காரரின் சொந்தப் படகுத்துறைக்கு எதிரே நங்கூரம் போட முடிந்தது. முதல் தலைமுறைக்குத் துறைமுகம் என்று தனியாக ஒன்று தேவைப்படவே இல்லை. இங்கிலாந்து அரசின் தூண்டுதலில் "துறைமுக ஊர்களைக் கட்டுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சட்டம் போட்டுப் பார்த்தார்கள். வீட்டு வாசலில் கப்பல் நிற்கும்போது யார் ஊர் கட்டுவார்கள்?

நிலைமையை மாற்றியது மண். புகையிலை மண்ணை உறிஞ்சுகிற பயிர். மூன்று நான்கு போகம் எடுத்தால் நிலம் சோர்ந்துவிடும். உடனே அடுத்த காட்டை வெட்டித் திருத்த வேண்டும். ஆற்றங்கரை நிலம் முடிந்து, 18ஆம் நூற்றாண்டில் சாகுபடி உள்நாட்டுக்கு ஏறியது. அப்போதுதான் "துறைக்குக் கொண்டுபோவது" என்பதே ஒரு வேலையாகிறது.

அந்த வேலை ரோட்டில் தொடங்கவில்லை, இலை காயும் கொட்டகையில் தொடங்கியது. காய்ந்த புகையிலையைத் தொட்டால் அப்பளமாக நொறுங்கும். மழையோ மூடுபனியோ வந்து காற்றில் ஈரம் ஏறினால், அதே இலை துணிபோல் துவளும். நம் ஊரில் இதைப் பதம் என்பார்கள். அங்கேயும் இதற்குத் தனிப் பெயர் இருந்தது. இலையை விரல் முட்டிகளின் மேல் இழுத்துப் போர்த்திப் பார்ப்பார்கள். பதமான தோல்போல் நீண்டு கொடுக்க வேண்டும், கிழியக் கூடாது. மேலே பிசுபிசுப்பு தெரியலாம், ஈரம் வடியக் கூடாது. இந்தப் பதம் வரும் நாளில்தான் தண்டிலிருந்து இலையைக் கழிப்பார்கள். சில இலைகளை ஒன்றுசேர்த்து, காம்புப் பக்கத்தில் இன்னொரு இலையையே கயிறாகச் சுற்றி முடிந்தால் ஒரு கத்தை. கத்தைகளை அடுக்கிப் போர் போட்டு வைப்பார்கள். போருக்குள் கையை விட்டுப் பார்த்துச் சூடு தட்டினால் பிரித்துக் காற்றாட விட வேண்டும். பதம் தவறிய நாளில் அவசரப்பட்டுக் கட்டினால் அதன் பலன் மூன்று நான்கு மாதம் கழித்து லண்டனில்தான் தெரியும். பீப்பாயைத் திறந்ததும் கறுத்த, பூசணம் பிடித்த கட்டி ஒன்று வெளியே வரும். கப்பல் கூலியும் சுங்கமும் மட்டும் தோட்டக்காரர் கணக்கில் பற்று எழுதப்படும்.

அடுத்தது அமுக்குதல். பீப்பாய்க்குள் கத்தைகளை அடுக்கும்போது காம்புத் தலை வெளிப்பக்கம், நுனி நடுப்பக்கம். ஒரு சுற்று அடுக்கியதும் மிதிப்பார்கள். நிரம்பியதும் மேலே பலகை வைத்து நெம்புகோலால் அமுக்குவார்கள். நீண்ட உத்தரம் ஒன்று; அதன் ஒரு முனை ஊன்றிய கம்பத்திலோ மரத்திலோ வெட்டிய துளைக்குள் செருகியிருக்கும், மறுமுனையில் கல் தொங்கும். அமுக்கியதும் இலை பாதி உயரத்துக்கு இறங்கிவிடும். மறுபடி நிரப்பி மறுபடி அமுக்க வேண்டும். பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். ஒரேயடியாகப் பாரம் வைத்தால் பீப்பாயின் பக்கப் பலகை பிளக்கும். அளவுக்கு மீறி அமுக்கினால் இலை ஒன்றோடொன்று ஒட்டிக் கறுக்கும்.

எவ்வளவு இறுக்கம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 அடி நீளம், சராசரி 32 அங்குல விட்டம் உள்ள பீப்பாயின் கொள்ளளவு ஏறத்தாழ 22 கன அடி. அதற்குள் 1,000 பவுண்டு, அதாவது சுமார் 450 கிலோ இலையைத் திணித்தால் கன அடிக்கு 45 பவுண்டு வருகிறது. காய்ந்த ஓக் மரக்கட்டையின் அடர்த்தி அது. உருட்டினாலும் உள்ளே எதுவும் அசையாமல் இருந்தது இதனால்தான். அரைகுறையாக அடைத்த பீப்பாயை உருட்டினால் இலை உள்ளே புரண்டு புரண்டு தூளாகிவிடும்.

இந்தப் பெரிய பீப்பாய்க்கு ஹாக்ஸ்ஹெட் என்று பெயர். வைன் பீப்பாய்போல் சொட்டுக்கூடக் கசியாத வேலை என்று நினைத்துவிட வேண்டாம். உலர் சரக்குக்கான பீப்பாய் இது. பலகைகளுக்கு இடையே சந்து இருக்கும், சுற்றிலும் ஹிக்கரி என்ற உறுதியான அமெரிக்க மரத்தை வளைத்துப் பூட்டிய வளையங்கள் இறுக்கிப் பிடித்திருக்கும். மேலே மழை பெய்தால் தாங்கலாம், ஆற்றில் முக்கினால் தண்ணீர் உள்ளே போகும். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் ரோட்டுக் கதை புரியும்.

அளவுக்கும் சட்டம் இருந்தது. வர்ஜீனியாவின் 1658ஆம் ஆண்டுச் சட்டம் 43 அங்குல நீளம், மூடியில் 26 அங்குல விட்டம் என்றது. 1695இல் அது 48 அங்குலம், 30 அங்குலம் ஆயிற்று. பீப்பாய் ஏன் பெருத்தது? கப்பல் கூலி எடைக்கு இல்லை, பீப்பாய்க்கு. நான்கு பீப்பாய் ஒரு டன் என்று வழக்கம். உள்ளே 500 பவுண்டு இருந்தாலும் 1,000 பவுண்டு இருந்தாலும் கூலி ஒன்றே. வர்ஜீனியா அரசின் ஏற்றுமதி வரியும் பீப்பாய்க்கு 2 ஷில்லிங்தான். பிறகென்ன, ஒவ்வொரு தோட்டக்காரரும் பீப்பாயை ஓர் அங்குலமாவது பெரிதாக்கி, நெம்புகோலில் ஒரு கல்லாவது கூட்டித் தொங்கவிட்டு அமுக்கினார். 17ஆம் நூற்றாண்டில் 500 பவுண்டு சாதாரணம். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் 1,000 பவுண்டு சாதாரணம். கூலியில் மிச்சம் பிடித்த அந்தப் பாரத்தை ரோட்டில் உருட்டியவனின் தோள் தாங்கியது. அந்தத் தோள் பெரும்பாலும் அடிமையாக்கப்பட்ட ஓர் ஆப்பிரிக்கனுடையது. நட்டது, கிள்ளியது, அடுக்கியது, உருட்டியது எல்லாம் அவர்கள்தான். கூலி என்ற பேச்சே கிடையாது.

சரி, உருட்டுவதற்கு வருவோம். அரை மைல், ஒரு மைல் என்றால் நாலு பேர் கையால் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். ஆரம்ப காலத்தில் கப்பல் மாலுமிகளையே கரையிறக்கி இந்த வேலை வாங்கினார்கள். தூரம் கூடினால் பீப்பாயையே வண்டியாக்க வேண்டும்.

அதைச் செய்த விதம் இப்படி. பீப்பாயின் இரண்டு மூடிகளிலும் நட்டநடுவில் தடித்த மர முளை ஒன்றை உறுதியாக அடிப்பார்கள், அதுதான் அச்சு. நல்ல ஹிக்கரி அல்லது ஓக் கன்றாகப் பார்த்து வெட்டிய இரண்டு கம்புகளின் பின்முனையில் துளை போட்டு, பக்கத்துக்கு ஒன்றாக முளையில் மாட்டுவார்கள், கழன்றுவிடாமல் கடையாணி. பீப்பாய்க்கு முன்னால் இரண்டு கம்புகளையும் ஒரு குறுக்குக் கட்டை இணைக்கும். கம்புகளுக்கு நடுவே குதிரை. இல்லையென்றால் நுகம் வைத்து ஒரு ஜோடி எருது. பீப்பாய் வயிறு புடைத்த உருவம் ஆயிற்றே, அப்படியே உருட்டினால் நடுவயிறு மட்டும் தரையில் பட்டு, கல் குத்திப் பலகை உடையும். அதற்காக இரண்டு பக்கமும் வயிற்றைவிட உயரமாக நிற்கும்படி மரத்துண்டுகளை வளையமாகச் சேர்த்து ஆணியடிப்பார்கள். நம் கட்டைவண்டிச் சக்கரத்தில் வட்டை என்போமே, கிட்டத்தட்ட அதுதான். இப்போது பீப்பாய் இரண்டு வட்டைகள் மேல் ஓடும், நடுவயிறு சேற்றுக்கு மேலே நிற்கும். வட்டைக்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள் கூடுதலாக நாலு ஹிக்கரி வளையத்தை மட்டும் பூட்டி உருட்டினார்கள். பக்கத்து ஊருக்கு அது போதும், தூரத்துக்கு உதவாது.

34 அங்குல விட்டம் உள்ள உருளை ஒரு மைல் போக 590 தடவை சுற்ற வேண்டும். 50 மைலுக்கு 30,000 சுற்றுக்குப் பக்கம். ஒவ்வொரு சுற்றிலும் மர முளை மரத்துளையில் தேய்கிறது. கொழுப்பு தடவாவிட்டால் துளை சூடேறி அகலும், முளை ஆடும், கடைசியில் மூடிப்பலகை பிளந்து புகையிலை வெளியே தெரியும். அதனால் முன்கம்பில் ஒரு சின்னப் பெட்டி கட்டியிருக்கும்: கோடரி, துளைப்பான், ஆணி, கொஞ்சம் மாவு, உப்பிட்ட பன்றிக்கறி. இரவு ரோட்டோரக் காட்டில்தான் படுக்கை. நூறு மைலுக்கு மேல் உருட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

இறக்கம்தான் ஆபத்து. ஏற்றத்தில் இன்னொரு ஜோடி மாட்டைப் பூட்டிக்கொள்ளலாம். பல பேர் சேர்ந்து கூட்டமாகப் போனதற்கு அது ஒரு காரணம். இறக்கத்தில் 450 கிலோ உருளை பின்னாலிருந்து குதிரையை நெட்டும். பிரேக் என்று ஒன்று கிடையாது. பின்னால் ஆள் நின்று கயிற்றால் இழுத்துப் பிடிக்க வேண்டியதுதான்.

அடுத்த ஆபத்து ஓடை. பாலம் அரிது, ஓடையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். முன்னே சொன்ன சந்து வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும். இலை மரக்கட்டையாக இறுகியிருப்பதால் தண்ணீர் நடுவரை போகாது. வெளிச்சுற்றில் சில அங்குலம் மட்டும் ஊறும். ஆனால் அந்தச் சில அங்குலம் உருளையின் கனத்தில் பெரும் பங்கு. 30 அங்குல விட்டத்தில் வெளியே 3 அங்குலம் கெட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டால் தெரியும். இதற்குப் பயந்துதான் உருட்டுப் பாதைகள் நேர்கோட்டில் போகவில்லை. இரண்டு ஓடைகளுக்கு நடுவே உள்ள மேட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு, ஓடைகளின் தலைப்பைச் சுற்றிச் சுற்றிப் போயின. பத்து மைல் சுற்று, ஒரு ஓடையைவிட மலிவு.

அந்தப் பாதைகள் இன்னும் இருக்கின்றன. பால்டிமோர் அருகே கேட்டன்ஸ்வில் பகுதியில் "ரோலிங் ரோடு" என்றே ஒரு சாலை. படாப்ஸ்கோ ஆற்றின் எல்க்ரிட்ஜ் துறைக்குப் பீப்பாய் உருண்டு போன வழி அது. வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் வழியாக ஆற்றுக்கு இறங்கும் விஸ்கான்சின் அவென்யூவும் இப்படி உருவானதுதான். அலெக்ஸாண்ட்ரியா ஊரில் ஓரனோகோ தெரு என்று ஒன்று ஆற்றங்கரையில் போய் முட்டும். ஓரனோகோ என்பது புகையிலை வகையின் பெயர். அந்தத் தெருக்கோடியில் புகையிலைக் கிடங்கு இருந்தது. மேரிலாந்தின் போர்ட் டொபாக்கோ என்ற ஊரையும் இந்தப் பட்டியலில் பலர் சேர்ப்பார்கள். அது தவறு. பொட்டபாக்கோ என்ற பூர்வகுடிப் பெயர்தான் ஆங்கில வாயில் அப்படித் திரிந்தது. ஊர் புகையிலைத் துறையாகவே வளர்ந்தது தற்செயல் பொருத்தம்.

ரோடு சற்றுத் தேறிய இடங்களில் வண்டி வந்ததும் உருட்டுவது பின்வாங்கியது. நாலு குதிரை வண்டியில் இரண்டு மூன்று பீப்பாய் ஏறும், இலை நனையாது, திரும்பும்போது உப்பும் இரும்பும் துணியும் ஏற்றி வரலாம். உருட்டிக்கொண்டு போனவன் திரும்பும்போது கையில் இரண்டு கம்புதான்.

மலையடிவாரத்திலிருந்து வந்த சரக்குக்கு வேறு வழி தேவைப்பட்டது. ஜேம்ஸ் ஆற்றின் மேற்பகுதியில் கப்பல் வராது. ஆழம் கிடையாது, பாறை நிறைய. 1740களில் ராபர்ட் ரோஸ் என்ற பாதிரியார் அங்கே ஒரு வழியைப் பரப்பினார். மரத்தைக் குடைந்து செய்த 50, 60 அடி நீள ஓடங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கமாக வைத்து, குறுக்குக் கட்டை போட்டுப் பிணைத்தார். அதன்மேல் பீப்பாய்களை வரிசையாக உருட்டி ஏற்றினால் எட்டு ஒன்பது நிற்கும். தனி ஓடம் என்றால் இந்தப் பாரத்துக்குக் கவிழும். இரண்டாகக் கட்டினால் கட்டுமரம்போல் அகலம் கிடைக்கிறது, கவிழாது. சரக்கை இறக்கியதும் பிணைப்பை அவிழ்த்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழி ஊன்றி மேலே கொண்டுபோவார்கள். ஒல்லியான தனி ஓடம் எதிர்நீரில் சுலபமாக ஏறும். போகும்போது ஒன்று, வரும்போது இரண்டு. இந்த யோசனை இந்த விஷயத்தில் நான் பார்த்த தந்திரங்களில் மிக அழகானது.

1771 மே மாதம் வர்ஜீனியாவின் ஆறுகளில் பெருவெள்ளம். ஆற்றோரக் கிடங்குகளிலிருந்த புகையிலை ஏராளமாகப் போயிற்று, ஓடங்களும் போயின. குடைந்த ஓடத்துக்குப் பெரிய மரம் வேண்டும், அது எளிதில் கிடைக்காது. ரக்கர் சகோதரர்கள் பலகையால் தட்டையான அடியுள்ள நீளப் படகு ஒன்றைக் கட்டினார்கள். பட்டோ என்று பெயர். 1775 ஏப்ரலில், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன் அதைப் பார்த்துத் தன் கணக்குப் புத்தகத்தில் குறித்துவைத்திருக்கிறார். 40 முதல் 60 அடி நீளம், 6 முதல் 8 அடி அகலம், இரண்டு முனையும் கூர். பத்துப் பன்னிரண்டு பீப்பாய் ஏற்றினாலும் முழங்கால் ஆழத் தண்ணீரில் மிதக்கும். மூன்று ஆள்: முனையில் ஒருவர் நீண்ட துடுப்பால் திசை திருப்ப, மற்றவர்கள் இரும்பு முனைக் கழியைப் படுகையில் ஊன்றித் தோளில் முட்டுக்கொடுத்து, படகின் ஓரத்திலேயே நடந்து தள்ளுவார்கள். இந்தப் படகோட்டிகளில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். அடிமைகளும் உண்டு, விடுதலை பெற்றவர்களும் உண்டு. ஆற்றின் எந்தப் பாறை எந்த நீர்மட்டத்தில் தலைகாட்டும் என்பது அவர்கள் கைச்சரக்கு. 1980களில் ரிச்மண்டில் பழைய கால்வாய்த் தொட்டியைத் தோண்டியபோது இந்தப் படகுகளின் அடிப்பாகங்கள் பல, மண்ணுக்குள் கிடைத்தன. படகின் அளவும் கட்டுமான முறையும் இப்போது துல்லியமாகத் தெரிவதற்கு அதுவே காரணம்.

ஆனாலும் படகு நேராகக் கப்பலுக்குப் போய்விட முடியாது. ரிச்மண்டுக்கு மேலே சில மைலுக்கு ஆறு பாறைமேல் விழுந்து இறங்குகிறது. வெஸ்டம் என்ற இடத்தில் பீப்பாய்களை இறக்கி, வண்டியிலோ உருட்டியோ அருவிக்குக் கீழே ஷாக்கோ கிடங்குக்குக் கொண்டுவந்தார்கள். 1790களில் அந்த இடைவெளிக்குக் கால்வாய் வந்தது. 1840இல் கால்வாய் லிஞ்ச்பர்க் வரை நீண்டது. பிறகு ரயில். அதோடு பட்டோ காலம் முடிந்தது.

இப்போது கிடங்கு. பலர் நினைப்பதுபோல் பீப்பாய் கரைக்கு வந்ததும் கப்பலில் ஏறிவிடாது. 1730க்குப் பிறகு சோதனை இல்லாமல் ஏறவே கூடாது. அதற்கு முன்னால் தோட்டக்காரர்கள் நடுவில் குப்பையையும் ஓரத்தில் நல்ல இலையையும் வைத்து அடைத்து அனுப்புவது சர்வசாதாரணம். 1713இல் ஆளுநர் ஸ்பாட்ஸ்வுட் ஒரு பரிசோதனைச் சட்டம் கொண்டுவந்தார். 1717இல் லண்டன் அதை ரத்து செய்தது. 1730இல் ஆளுநர் கூச் கொண்டுவந்த சட்டம் நிலைத்தது. ஒவ்வொரு ஆற்றிலும் பொதுக் கிடங்கு, அங்கே சத்தியப்பிரமாணம் எடுத்த பரிசோதகர்கள். பீப்பாய்க்குக் குறைந்தபட்சம் 800 பவுண்டு இலை என்பதும் அந்தச் சட்டம்தான்.

சோதனை இப்படி நடக்கும். பீப்பாயை நிமிர்த்தி, வளையங்களைத் தளர்த்தி, மூடியைக் கழற்றி, பலகைக் கூட்டை அப்படியே மேலே தூக்கிவிடுவார்கள். உள்ளே புகையிலை தானாக நிற்கும், உருளையான ஒரு தூண்போல. இரும்புக் கடப்பாரையை வெவ்வேறு உயரத்தில் பக்கவாட்டில் செலுத்தி நெம்பிப் பிளந்து, நடுவிலிருந்து கத்தை எடுத்துப் பார்ப்பார்கள், முகர்வார்கள். மேலே நல்லது, உள்ளே குப்பை என்ற தந்திரம் இங்கே பலிக்காது. தேறாத சரக்கை உரிமையாளர் பிரித்துப் பொறுக்கலாம். கழிசலைக் கிடங்கிலேயே எரிப்பார்கள். ஓடையில் நனைந்த வெளிச்சுற்று கழிபடுவதும் இங்கேதான். தேறியதைத் திரும்பக் கூட்டுக்குள் இறக்கி, குறைந்ததை நிரப்பி, மறுபடி அமுக்கி, மூடியடித்து, எடை போட்டு, கிடங்கின் பெயரும் வெறும் பீப்பாயின் எடையும் நிகர எடையும் சூட்டுக்கோலால் பதிப்பார்கள். பிறகு ஒரு சீட்டு. அந்தச் சீட்டு வைத்திருப்பவருக்கு அந்தப் பீப்பாய் சொந்தம். காசுப் பஞ்சம் நிறைந்த நாட்டில் சீட்டே பணமாகப் புழங்கியது. வரி கட்டலாம், கடன் தீர்க்கலாம். பாதிரியார்களுக்குச் சம்பளமே வருடத்துக்கு 16,000 பவுண்டு புகையிலை என்று 1696 முதல் சட்டத்தில் எழுதியிருந்தது.

சிறு விவசாயிகளுக்கு இது பிடிக்கவில்லை. கழிசலையும் பணமாக்கி வரி கட்டிவந்தவர்கள் அவர்கள். 1732இல் சில கிடங்குகளைக் கொளுத்தினார்கள். சட்டம் அசையவில்லை, சரக்கின் தரம் உயர்ந்து விலையும் தேறியதும் எதிர்ப்பு அடங்கியது. மேரிலாந்து 1747இல் அதே மாதிரிச் சட்டம் போட்டது.

கப்பல்காரர்களுக்கு இதனால் வந்த லாபம் யாரும் எதிர்பாராதது. முன்பு கப்பல் ஆற்றில் நிற்க, மாலுமிகள் சிறு படகில் துறை துறையாகப் போய் ஐந்தும் பத்துமாகப் பீப்பாய் திரட்டினார்கள். மாதக்கணக்கில் ஆகும். கோடையில் செசபீக் நீரில் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு அடிப்பலகையைச் சல்லடையாக்கும். உப்பில்லாத மேல்நீருக்குப் போனால் புழு சாகும் என்பதால் அங்கே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவதும் உண்டு. கிடங்கு வந்தபின் சரக்கு ஓரிடத்தில் குவிந்து கிடந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர வியாபாரிகள் இன்னும் ஒரு படி போனார்கள். 1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒன்றானதால் ஸ்காட்லாந்துக்குச் சட்டப்படி வழி திறந்ததும், உள்நாட்டில் கடை போட்டு, துணியும் கருவியும் கடனுக்குக் கொடுத்து, புகையிலையை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்துவைத்தார்கள். கப்பல் வரும்போது சரக்கு தயார்.

உதிரிக் கத்தையாக ஏற்றும் வழக்கமும் 17ஆம் நூற்றாண்டில் இருந்தது. கப்பலின் மூலைமுடுக்கெல்லாம் திணிக்கலாம், கூலி குறைவு. இங்கிலாந்துக் கரையில் இறங்கும்போது மாலுமிகள் நாலு கத்தையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போவதும் சுலபம். சுங்க வருமானம் ஒழுகியதால் அந்த நூற்றாண்டின் கடைசியில் நாடாளுமன்றம் அதைத் தடை செய்தது. அரை டன் பீப்பாயைச் சட்டைக்குள் போட முடியாதே. நம் பக்கத்தில் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குச் சிப்பமாகத் தோணியில் போனதோடு இதை ஒப்பிடலாம். கடல் தூரம் குறைவு, ஆள் தூக்கும் அளவில் சிப்பம் கட்டினால் போதும். உருளைக்கு அவசியம் இல்லை.

கிடங்கிலிருந்து கப்பலுக்கு: தட்டைப் படகிலோ சிறு பாய்மரப் படகிலோ உருட்டி ஏற்றி, கப்பலின் பக்கத்தில் நிறுத்தி, கப்பியும் கயிறும் கொண்டு தூக்குவார்கள். கீழ்வரிசைப் பீப்பாய்களின் பள்ளத்தில் மேல்வரிசை உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் அட்லாண்டிக்கில் பீப்பாய் கிளம்பி ஒன்றையொன்று நொறுக்கும். இடம் பிடிக்காதபோது திருகு ஜாக்கி வைத்து நெருக்குவார்கள். பெருத்த பீப்பாய்களை மாலுமிகள் வெறுத்ததற்குக் காரணம் இந்த இடத்தில்தான். 1770களின் தொடக்கத்தில் இப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி பவுண்டு புகையிலை செசபீக்கிலிருந்து போனது. பீப்பாய்க்கு ஆயிரம் பவுண்டு என்றால் ஒரு லட்சம் பீப்பாய். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மேட்டிலிருந்து உருண்டோ மிதந்தோ வந்தது.

துறைகள் என்ன ஆயின என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேள்வியில் இல்லாவிட்டாலும். காட்டை வெட்டித் திருத்திய புகையிலை நிலத்தின் மேல்மண் ஒவ்வொரு மழைக்கும் ஓடைகளில் இறங்கியது. போர்ட் டொபாக்கோ, பிளேடன்ஸ்பர்க், ஜாப்பா, டம்ஃப்ரீஸ் என்று பரிசோதனைக் கிடங்கும் படகுத்துறையும் இருந்த ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூர்ந்தன. கப்பல் நின்ற இடத்தில் முதலில் சேறு, பிறகு நாணல், பிறகு புல்தரை. இன்று போர்ட் டொபாக்கோவுக்குப் போனால் பழைய நீதிமன்றத்தைத் திரும்பக் கட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம்; கப்பல் ஏறி வந்த தண்ணீரை அங்கிருந்து தேடித்தான் போக வேண்டும்.